பைப்புக்கு அடியில் ஆடிப்பெருக்கு

திருச்சியில் பனி மூடிய குடிசை கிடையாது. சிவப்பு இலை உதிர்ந்து கிடக்கும் சாலை கிடையாது. அன்னம் நீந்தும் ஏரியும் கிடையாது. ஆனால் எங்கள் ஓவிய, கவிதை வட்டம் கூடுகிற ஹாலின் சுவரில் இந்த மூன்றும் எப்போதும் தொங்கும். வெளியே கத்தரி வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டும். உள்ளே மின்விசிறிக்கு அடியில் ஒருவர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, கைபேசியைப் பார்த்துப் பனி வரைந்துகொண்டிருப்பார். வெள்ளை பெயிண்ட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்வார்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாலக்கரையில் வளர்ந்தவள், இப்போது ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். எனக்கு வரையக் கற்றுத்தந்தவர் என்று யாரும் இல்லை. வேலை நின்றபின் கைக்கு வேலை வேண்டியிருந்தது, வரைய ஆரம்பித்தேன். நன்றாக வரைவேன் என்று சொல்லமாட்டேன். பார்த்ததை வரைவேன்.

இந்த வட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவர் மேல்மாடி மாமி. அவர் கவிதை எழுதுகிறவர். கோயிலுக்குப் போகிற வழியில் எழுதுவார், வரும் வழியில் எழுதுவார், குக்கர் விசில் விடும்போதும் எழுதுவார். அவருடைய வீட்டுக்காரர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். "இவ கவிதை எழுதினா சாம்பார்ல உப்பு இருக்காது. உப்பு இருந்தா அன்னிக்குக் கவிதை வரலேன்னு அர்த்தம்" என்று லிஃப்டில் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுவார். மாமி சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஊசி போடும்போது வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்கிறவர்களின் சிரிப்பு அது. நிறையப் பார்த்திருக்கிறேன்.

கவிதைக்காரர்கள் படக்காரர்களைவிட மோசம். வரைகிறவர் கைபேசியையாவது பார்க்கிறார். எழுதுகிறவர் எதையுமே பார்ப்பதில்லை. வசந்தம் வந்தது என்பார். எந்த மாதத்தில் என்று கேட்டால் விழிப்பார். குயில் இசைத்தது என்பார். குயில் விடியற்காலையில் ஓயாமல் கத்தி மனுஷனைத் தூங்க விடாது, அதை எழுத மாட்டார். தென்றல் என்பார். ஆடி மாதம் ஸ்ரீரங்கத்தில் காற்று மணலை வாரி வாய்க்குள் போடும், காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு ஒரு வரி கிடையாது. ஐப்பசி என்றால் மண்வாசனை. எங்கள் தெருவில் ஐப்பசி மழைக்கு முதலில் எழுந்து வருவது சாக்கடை. எந்த மூக்கை வைத்துக்கொண்டு இவர்கள் மோந்து பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

நான் பருவங்களைத் தெரிந்துகொண்டது வார்டில். சித்திரைக்கு வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் வருவார்கள். ஐப்பசிக்குக் காய்ச்சல்காரர்கள். மார்கழிக்கு மூச்சிழுப்புக்காரர்கள், படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவார்கள். காலண்டர் இல்லாவிட்டாலும் கட்டிலில் கிடப்பவர்களைப் பார்த்து மாதத்தைச் சொல்லிவிடலாம். இதையெல்லாம் வரைந்து வரவேற்பறையில் மாட்டு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் இருக்கும் வெயிலை வரைய வெட்கப்பட்டு, இல்லாத பனியை வரைகிற மூளை எப்படிப்பட்டது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஒருமுறை இயற்கையை நேரில் பார்த்து வரையலாம் என்று வேன் பிடித்துப் பச்சைமலைக்குப் போனார்கள். நானும் போனேன். உப்பிலியபுரத்தில் இறங்கி டிபன், மேலே ஏறியதும் மீண்டும் டிபன். அருவியைத் தேடினார்கள். கோடையில் அருவி எங்கே இருக்கும்? பாறையில் ஈரம்கூட இல்லை. சரி, மலையை வரையலாம் என்று ஒரு வீட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த வீட்டு வாசலில் ஓர் அம்மாள் மரவள்ளிக்கிழங்கைக் குவித்து வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர், எழுந்து போய், "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கோங்கம்மா, மலை மறைக்குது" என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "மலை எங்கயும் போயிடாதுங்க. நான் இதை முடிச்சுட்டு எந்திரிச்சிடுறேன்" என்றார். எழுந்திருக்கவில்லை. நம்மவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார். மலையை வரைந்து முடித்து, பாறையில் ஓர் அருவியையும் விழவைத்தார். அது இப்போது அவர் வீட்டு ஹாலில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் ஆஹா என்கிறார்கள்.

அவர்தான் எங்கள் வட்டத்தின் தலைவர்.

போன கோடையில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. தமிழ் மாதங்கள் பன்னிரண்டுக்கும் ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு கவிதை. சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு எந்த மாதமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துப் படமும் கவிதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்படும், கவிஞர் அதற்கு முன்னால் நின்று மைக்கில் வாசிப்பார். படம் இல்லாத மாதத்துக்கு வாசிப்பும் இல்லை. இந்த விதிக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய கூட்டத்தில் கவிஞர்கள் விடாமல் வாசித்து, சாப்பாட்டை ஆறவைத்ததில், கேட்டரிங்காரர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆடி வந்தது. கவிதையில் ஆடி மாமிக்கு வந்தது. மாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை நாள் வட்டத்தில் அவரை வாசிக்க விட்டதே இல்லை. நேரமில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வாட்ச்மேன் முதல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடமும் சொன்னார். "மைக் வச்சா? நான் வந்து பாக்கறேன்" என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மாமிக்கு அது போதுமாக இருந்தது. "சிஸ்டர், அவர் வரேன்னுட்டார்" என்று என் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஆடி பதினெட்டுக்குக் காவேரியில் தண்ணீர் இல்லை. ஆறு முழுக்க மணல், நடுவில் கோரை, அங்கங்கே மாடுகள். ஆனால் பண்டிகையை விடமுடியுமா? அம்மா மண்டபம் படித்துறைக்குக் கீழே மணலில் போர்வெல் தண்ணீரைப் பைப்பில் கொண்டுவந்து, வரிசையாக ஷவர் மாட்டிவிட்டார்கள். ஆற்றுக்குள் ஷவர். ஜனங்கள் வரிசையில் நின்று அதன் அடியில் குளித்து ஆடிப்பெருக்கு கொண்டாடினார்கள்.

மாமியும் நானும் சேர்ந்துதான் போனோம். மாமி குளிக்க, நான் பார்க்க. பெண்கள் வாழையிலையில் பூவும் காதோலை கருகமணியும் வைத்து, ஷவரில் இருந்து வழிந்து தேங்கிய சேற்றுக் குட்டையில் விட்டார்கள். இலை நகரவில்லை. ஒருத்தி கையால் தள்ளிவிட்டாள், அது அடுத்தவளின் காலில் போய் முட்டி நின்றது. மைக்கில் ஒருவர், "சோப்பு போடாதீங்க, தயவுசெஞ்சு யாரும் சோப்பு போடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். மாமியின் முறை வந்தது. மடிசாரோடு ஷவருக்கு அடியில் போய் நின்றார், கண்ணை மூடினார், கையைக் கூப்பினார், அப்படியே நின்றுவிட்டார். பின்னால் இருந்த பெண் பொறுத்துப் பார்த்தாள்.

"பாட்டிம்மா, கும்பிட்டது போதும், நகருங்க. மோட்டார நிறுத்திடப் போறாங்க."

மாமி நகரவில்லை.

"காது கேக்குதா இல்லையா? உங்க வீட்டுத் தண்ணிக் குழாய்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

மாமி கண்ணைத் திறக்காமலே அரை அடி நகர்ந்து பாதி ஷவரை அவளுக்கு விட்டார். இரண்டு பேரும் ஒரே பைப்பில் குளித்தார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தி திட்டிக்கொண்டு.

அதைத்தான் வரைந்தேன். சாம்பல் நிற மணல், சாம்பல் நிற பி.வி.சி. பைப், மஞ்சள் புடவையில் திட்டுகிற பெண், அரக்கு மடிசாரில் மாமி, காலடியில் சேறு, நகராத இலை. அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். அதை நான் போடவில்லை. ஊரில் வரைகிற எல்லாப் படத்திலும் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, இந்த ஒன்றில் அதற்கு லீவு விடலாம்.

படங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்த நாளன்று ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். மார்கழிக்குப் பனிக்குடிசை வந்திருந்தது, புகைபோக்கியோடு. சித்திரைக்கு ஏதோ வெளிநாட்டு மரத்தில் ரோஸ் நிறப் பூ. ஐப்பசிக்குச் சிவப்பு இலைச் சாலை, அதில் கோட்டு போட்ட ஒருத்தி குடை பிடித்துப் போகிறாள். திருச்சியில் ஐப்பசியில் கோட்டு போட்டுக்கொண்டு போனால் ஆட்டோக்காரர் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விடுவார்.

தலைவர் என் படத்தின் முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது என்ன?"

"ஆடிங்க."

"ஆடின்னா பெருக்கு இல்லையா? தண்ணி எங்க?"

"பைப்புல வருது பாருங்க."

"கலைங்கிறது உள்ளதை உள்ளபடி போட்டோ புடிக்கிறதில்ல மேடம். பாக்குறவங்க மனசு குளிரணும். இந்த மணலுக்கு மேல கொஞ்சம் நீலம் போட்டு, பைப்பை அழிச்சுட்டீங்கன்னா பிரமாதமா இருக்கும். ஒரு நாள் வேலை. இல்லேன்னா மாட்ட முடியாது."

"நீலம் போட மாட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு நம்ம சம்பிரதாயத்தோட அருமை தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. ஆடிப்பெருக்குங்கிறது ஒரு புனிதமான விஷயம்."

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள் என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொன்னார். எத்தனையோ பேருடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றின கை இது, அப்போது யாரும் சம்பிரதாயம் கேட்டதில்லை. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். மலைக்கு இல்லாத அருவியை ஊற்றினவரிடம் பேச்செதற்கு என்று படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாமி வந்தார். தலைவர் போன் செய்து சொல்லியிருக்கிறார். படம் இல்லை, அதனால் ஆடி இல்லை, அதனால் நீங்களும் இல்லை. மாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், கொஞ்சமா ஜலம் போட்டுடுங்கோளேன். ஓரமா. யார் பாக்கப்போறா?"

"எல்லாரும் பாக்கத்தானே மாமி மாட்டுறாங்க?"

"இவர்கிட்ட என்ன சொல்றது? வெள்ளை வேஷ்டியெல்லாம் எடுத்து வச்சுட்டார். இப்ப இல்லேன்னா, லிஃப்ட்ல ஒரு வருஷத்துக்கு அதையே சொல்லிண்டிருப்பார்."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "கவிதையைக் கொடுங்க, பாப்போம்" என்றேன். கொடுத்தார். படித்தேன்.

நுரைச் சலங்கை கட்டிக் காவேரி நடந்து வருகிறாளாம். கரைகள் எழுந்து நின்று வரவேற்கின்றனவாம். "கழுத்தளவு நீரில் நின்றேன், என் கவலையெல்லாம் கடலுக்குப் போயிற்று" என்று ஒரு வரி.

"மாமி, கணுக்கால் நனைஞ்சுதா உங்களுக்கு? பின்னாடி நின்னவ திட்டினது காதுல விழுந்துதா இல்லையா? நின்னது பைப்புக்கடியில, எழுதுறது கழுத்தளவா? இதுக்கும் அந்தப் பனிக்குடிசைக்கும் என்ன வித்தியாசம்?"

மாமிக்கு முகம் சிவந்தது. அவர் என்னிடம் கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

"வித்தியாசம் இருக்கு. அவா பனியப் பாத்ததில்லை. நான் காவேரியப் பாத்திருக்கேன். இதே படிக்கட்டுல கழுத்தளவு நின்னிருக்கேன். கண்ண மூடிண்டா அது வரது. நேக்கு வரது சிஸ்டர், உங்களுக்கு வரலேன்னா நான் என்ன பண்ண? அந்தப் பொண்ணு திட்டினது காதுல நன்னா விழுந்தது. அதனாலதான் இன்னும் கெட்டியா மூடிண்டேன்."

"அப்ப அதை எழுதுங்களேன். திட்டு வாங்கிக்கிட்டே கண்ண மூடினதை."

"அது உங்க படத்துல இருக்காமே, தலைவர் போன்ல சொன்னார். நான் எதுக்கு எழுதணும்?"

கவிதைத் தாளை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. கழுத்தளவு என்பது இப்போதும் பொய்தான் என் கணக்கில். ஆனால் பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். தலைவருக்கு இல்லாத தகுதி மாமிக்கு இருக்கிறது என்று தோன்றியது.

அதுவரை மாமி என் படத்தைப் பார்த்திருக்கவில்லை. முன்கூட்டி ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கக்கூடாது என்பது தலைவர் போட்ட இன்னொரு விதி. சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைத் திருப்பிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணீர் வரும், வராவிட்டால் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியை எடுத்துத் தலைவருக்குப் போன் போட்டார்.

"நமஸ்காரம். ஆடி மாச மாமி பேசறேன். படத்த நான் பாத்துட்டேன். அதுல நிக்கறது நான்தான். என் கவிதைக்குப் பக்கத்துல நான் நிக்கறதுல உங்களுக்கு என்ன சங்கடம்?"

அந்தப் பக்கத்தில் சம்பிரதாயம் என்ற சொல் எனக்கே கேட்டது.

"பைப்புக்கடியில நிக்கறது எந்த சம்பிரதாயம்னு நேக்கே தெரியாது, சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் அப்படியே மாட்டுங்கோ. அவா நீலம் போட மாட்டா, நான் வரியை மாத்த மாட்டேன். மாட்டலேன்னா எங்காத்துக்காரர் ஒருத்தர் போதும், லிஃப்ட்ல வச்சே உங்க வட்டத்தோட லட்சணத்த ஊர் முழுக்கச் சொல்லிடுவார்."

தலைவர் மாட்டினார். மரியாதையாக இல்லை. கை கழுவுகிற இடத்துக்குப் போகும் வழியில், கதவு திறந்தால் பாதி மறைகிற சுவரில் மாட்டினார். மைக்கையும் அங்கே இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அறிமுகம் செய்யும்போது, "இந்த ஓவியத்தை ஒரு நையாண்டியா எடுத்துக்கணும்" என்றார். நையாண்டி என்றால் என்ன என்று அவருக்கு உண்மையிலேயே தெரியுமா என்று நான் சந்தேகப்பட்டேன்.

மாமி படத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். நுரைச் சலங்கைவரை எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். "கழுத்தளவு நீரில் நின்றேன்" என்றதும் எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடுத்தவர் படத்தைக் காட்டினார். பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு. பனிக்குடிசை வரைந்தவர் சிரித்தார். கோட்டுப் பெண்ணை ஐப்பசியில் நடக்கவிட்டவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் படத்தின் முன்னால் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பொய்யைப் பிடிக்க இந்த ஊரில் சாட்சி கிடையாது. மாமியின் பொய்க்குச் சாட்சியாக நானே படம் வரைந்து பக்கத்தில் மாட்டியிருந்தேன். எழுந்து போய் எல்லோரையும் அடக்கலாமா என்று இருந்தது. அடக்கியும் பழக்கம் உண்டு எனக்கு, விசிட்டர் நேரம் முடிந்தபின் வார்டைக் காலி செய்கிற குரல் இன்னும் இருக்கிறது.

அதற்கு வேலை வைக்கவில்லை மாமி. தாளை இறக்கி, சிரிப்பு ஓயும்வரை நின்றார். அவருடைய வீட்டுக்காரர் முன்வரிசையில் வெள்ளை வேஷ்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"ஆச்சா?" என்றார் மாமி மைக்கில். "மீதி இருக்கு, படிக்கறேன்."

படித்தார். அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை, அதிலிருந்தே மறுபடியும் ஆரம்பித்தார். கழுத்தளவு நீரில் நின்றேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிவரை நிதானமாக வாசித்து, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கைதட்டல் பெரிதாக இல்லை. பனிக்குடிசைக்கு இதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

திரும்பும்போது ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மாமியும் நானும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். அவருடைய வீட்டுக்காரர் முன் சீட்டில். பாதி வழியில் அவர் திரும்பி, "மைக்ல உன் குரல் கணீர்னு இருக்குடி" என்றார். கவிதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமியும் கேட்கவில்லை.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "மாமி, தைரியமாத்தான் வாசிச்சீங்க. ஆனா கவிதை சுமார்தான். அந்தச் சலங்கையாவது எடுத்திருக்கலாம்."

"சலங்கை இருக்கட்டும்" என்றார் மாமி. "நீங்க படத்துல என் மூக்க அவ்ளோ பெரிசாப் போட்டிருக்க வேண்டாம்."

மூக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.